தேங்காய் எண்ணெய் சோப்பாவது எப்படி: குழந்தைகளுக்குச் சொல்லித்தர ஒரு முழுமையான வழிகாட்டி

கரிம வேதியியல் என்றதும் பிளஸ் ஒன் பாடப் புத்தகம் ஞாபகம் வந்து வயிறு கலங்குகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அறுகோணமும் அம்புக்குறியும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் ஒரு கரிம வினையில் விளைந்த பொருள் தினமும் காலையில் குளியலறையில் நம் கையிலிருந்து வழுக்கி விழுகிறது. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேர்ந்து சோப்பும் கிளிசரினுமாக மாறும் வினை அது. சோப்பாக்குதல் என்று பெயர். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்கலாம். சமன்பாட்டில் மட்டும் ஆரம்பிக்கக் கூடாது.

இதைச் சொல்லித்தருகிற பலர் ஓரிடத்தில் தடம் மாறிவிடுகிறார்கள். சோப்பு உருவாவதைச் சொல்ல ஆரம்பித்து, இரண்டாவது நிமிடத்திலேயே சோப்பு அழுக்கை நீக்குவதற்குத் தாவிவிடுவார்கள். மிளகுத்தூள் தூவிய தட்டில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டதும் மிளகு ஓரத்துக்கு ஓடும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பாடம் முடிந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் வேதிவினை எதுவும் நடக்கவில்லை. வினை எப்போதோ தொழிற்சாலையில் நடந்து முடிந்துவிட்டது. தட்டில் நடந்தது நீரின் பரப்பு இழுவிசை குறைந்த கதை. இரண்டையும் குழப்பாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. எந்த இணைப்பு அறுந்தது, யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மட்டும் குழந்தை கண்ணால் பின்தொடர வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

என்னென்ன வேண்டும்

பொம்மை செய்கிற கலர் க்ளே ஒரு பாக்கெட். தென்னந்துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சிகள் சில, சாண் நீளத்துக்கு ஒடித்தவை. ஒரு ஸ்கெட்ச் பேனா. சோதனைக்கு: சாதாரணக் குளியல் சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், சமையல் வினிகர், மஞ்சள்தூள், இரண்டு மூடி போட்ட பாட்டில்கள், கொஞ்சம் போர் தண்ணீர், கொஞ்சம் ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத்தண்ணீர். காஸ்டிக் சோடா இப்போது வேண்டாம். அதற்கு ஒரு தனி இடம் இருக்கிறது, பிள்ளைகள் எட்ட நிற்கிற இடம்.

படி 1: எண்ணெயைச் செய்வோம்

எண்ணெய் என்பது வழுவழுவென்ற ஒரே பொருள் என்றுதான் குழந்தை நினைக்கும். அதன் ஒரு மூலக்கூறைக் கையால் செய்ய வைத்தால் அந்த எண்ணம் போய்விடும்.

நீல நிறக் க்ளேயில் விரல் நீளத்துக்கு ஒரு கட்டை உருட்டச் சொல்லுங்கள். இதுதான் தாங்கி. அதன் மேல் வரிசையாக மூன்று சிவப்பு உருண்டைகளை ஒட்டுங்கள். சிவப்பு என்றால் ஆக்சிஜன். அடுத்து மூன்று ஈர்க்குச்சிகள். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பச்சை உருண்டை. அது குச்சியின் தலை. குச்சியில் ஸ்கெட்ச் பேனாவால் 11 கோடுகள் போடச் சொல்லுங்கள். ஒரு கோடு ஒரு கார்பன். தலையிலும் ஒரு கார்பன் இருப்பதால் மொத்தம் 12. அந்தப் பச்சைத் தலைக்குள் ஓர் ஆக்சிஜனும் ஒளிந்திருக்கிறது; பெரிய பிள்ளையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். இனி ஒவ்வொரு தலையையும் ஒரு சிவப்பு உருண்டையோடு ஒட்டினால், தாங்கியிலிருந்து மூன்று நீண்ட வால்கள் நீட்டிக்கொண்டு நிற்கும்.

இதுதான் தேங்காய் எண்ணெய். சும்மா சொல்லவில்லை: 12 கார்பன் உள்ள வாலுக்கு லாரிக் அமிலம் என்று பெயர், தேங்காய் எண்ணெயின் வால்களில் ஏறக்குறைய பாதி அந்த வகைதான். மீதியில் 8 கார்பன் குட்டை வால்களும் உண்டு, 18 கார்பன் நெட்டை வால்களும் உண்டு.

இந்த இடத்தில் அவசரப்பட வேண்டாம். ஒரு குச்சியை லேசாக மடக்கிக் காட்டுங்கள். நல்லெண்ணெயிலும் கடலை எண்ணெயிலும் பெரும்பாலான வால்கள் இப்படித்தான், நடுவில் மடங்கியவை. நேரான குச்சிகளை நெருக்கமாக அடுக்கலாம், மடங்கிய குச்சிகளை அப்படி அடுக்க முடியாது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்க, பக்கத்திலேயே நல்லெண்ணெய் ஓடிக்கொண்டிருப்பது இதனால்தான். வால் என்ற ஒன்று நிஜமாகவே இருக்கிறது என்று குழந்தை நம்ப இந்த ஒரு விஷயம் போதும். நான் பார்த்தவரை, பாடத்திலேயே பிள்ளைகள் அதிகம் கேள்வி கேட்பதும் இந்த இடத்தில்தான்.

படி 2: காஸ்டிக் சோடாவைச் செய்வோம்

இது சின்ன வேலை. ஒரு மஞ்சள் உருண்டை, ஒரு சிவப்பு, ஒரு வெள்ளை, மூன்றையும் வரிசையாக ஒட்டுங்கள். மஞ்சள் சோடியம், சிவப்பு ஆக்சிஜன், வெள்ளை ஹைட்ரஜன். சோடியம் ஹைட்ராக்சைடு தயார். இதேபோல் மொத்தம் மூன்று வேண்டும். ஏன் மூன்று என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள், கேட்கட்டும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆப்ப மாவில் போடுகிற சோடா உப்பு வேறு, துணிக்குப் போடுகிற வாஷிங் சோடா வேறு, இந்தக் காஸ்டிக் சோடா வேறு. பெயரில் சோடா இருப்பதால் எல்லாம் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. காஸ்டிக் சோடா தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். சமையல் சோடாவைப் போட்டு எண்ணெயைக் கிண்டினால் சோப்பு வராது. அதற்கு அந்த அளவு காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான குணம், கிடையாது.

படி 3: அறுப்பதும் சேர்ப்பதும்

பாடத்தின் உயிர் இதுதான். மெதுவாகப் போங்கள்.

ஒரு காஸ்டிக் சோடாவை எடுங்கள். தண்ணீரில் கரைந்ததும் மஞ்சள் உருண்டை தனியே பிரிந்துவிடும்; சிவப்பும் வெள்ளையும் ஒட்டியபடியே இருக்கும். வேலை செய்யப்போவது இந்தச் சிவப்பு-வெள்ளை ஜோடி. அதை முதல் குச்சியின் பச்சைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஜோடியின் சிவப்பு உருண்டை தலையோடு ஒட்டிக்கொள்கிறது. இப்போது தலைக்கு இரண்டு பக்கமும் பிடி: ஒரு பக்கம் தாங்கியின் சிவப்பு, மறுபக்கம் புதிதாக வந்த சிவப்பு. இந்த நிலை நீடிக்காது. தாங்கியின் பக்கமிருந்த பிடி விட்டுப்போகிறது. குச்சி கழன்று வருகிறது.

வெள்ளை உருண்டை என்ன ஆனது? அது தாங்கியில் தனித்து நிற்கிற பழைய சிவப்பின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஓரமாக ஒதுங்கியிருந்த மஞ்சள், குச்சியின் புதிய சிவப்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முடிந்தது, ஒரு சோப்பு மூலக்கூறு தயார்.

இதையே இன்னும் இரண்டு முறை குழந்தையே செய்யட்டும். மூன்று காஸ்டிக் சோடா எதற்கு என்ற கேள்விக்கு அதன் கையே பதில் சொல்லிவிடும்.

‘பழைய சிவப்பு தாங்கியிலேயே தங்கியது, புதிய சிவப்புதான் குச்சியோடு போனது என்று எப்படித் தெரியும்? இரண்டும் ஆக்சிஜன்தானே, மாறிப் போயிருந்தால்?’ என்று ஏதாவது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். கேட்டால் விட்டுவிடாதீர்கள், அருமையான கேள்வி அது. விஞ்ஞானிகளுக்கே ரொம்ப நாள் இருந்த சந்தேகம். 1934இல் மைக்கேல் போலன்யியும் சாபோவும் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆக்சிஜனில் சாதாரண 16 எடைக்குப் பதில் 18 எடை உள்ள கனமான வகை ஒன்று உண்டு. அந்தக் கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரை எடுத்து, எண்ணெயில் உள்ள அதே வகை இணைப்பு கொண்ட ஒரு சேர்மத்தைக் காரத்தால் உடைத்தார்கள். கனமான ஆக்சிஜன் தாங்கியின் பக்கம், அதாவது ஆல்கஹால் பக்கம் வரவேயில்லை. அப்படியென்றால் அறுந்தது தலைக்கும் பழைய ஆக்சிஜனுக்கும் நடுவில்தான். க்ளேயில் செய்து காட்ட, காஸ்டிக் சோடாவின் சிவப்பு உருண்டைகளில் மட்டும் முன்கூட்டியே ஒரு புள்ளி குத்தி வையுங்கள். கடைசியில் புள்ளி வைத்த சிவப்பு எல்லாம் சோப்பில் இருக்கும், கிளிசரினில் ஒன்றுகூட இருக்காது.

படி 4: மேசையை எண்ணிப் பார்ப்போம்

மூன்று சோப்பு, ஒரு தாங்கி. தாங்கியில் மூன்று சிவப்பும் மூன்று வெள்ளையும் இருக்கின்றன; அதற்குப் பெயர் கிளிசரின். மருந்துக்கடையில் சின்னப் பாட்டிலில் விற்கிறார்களே, அதேதான். எண்ணெயும் காஸ்டிக்கும் சேர்ந்தால் சோப்பு என்று சொல்லி நிறுத்திவிடுகிறவர்கள் இந்தத் தாங்கியை அநாதையாக விட்டுவிடுகிறார்கள். அதைக் கேட்ட குழந்தை, எண்ணெய் முழுசும் சோப்பாகிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

உருண்டைகளை எண்ணச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் சிவப்பு ஆறு, மஞ்சள் மூன்று, வெள்ளை மூன்று. இப்போதும் அதேதான். ஒன்றும் புதிதாக வரவில்லை, ஒன்றும் காணாமல் போகவில்லை.

கூட்டல் பெருக்கல் தெரிந்த பிள்ளைகளுக்கு எடைக் கணக்கையும் கொடுக்கலாம். கார்பன் 12, ஹைட்ரஜன் 1, ஆக்சிஜன் 16, சோடியம் 23 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று லாரிக் வால் கொண்ட எண்ணெயில் 39 கார்பன், 74 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன், கூட்டினால் 638. காஸ்டிக் சோடா ஒன்று 40, மூன்றுக்கு 120. வினைக்குப் பிறகு ஒரு சோப்பு மூலக்கூறு 222, மூன்று 666. கிளிசரின் 92. இந்தப் பக்கம் 638ம் 120ம் சேர்ந்து 758. அந்தப் பக்கம் 666ம் 92ம் சேர்ந்து 758. விடை ஒத்துப்போகிற அந்த நொடியில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். சமன்பாடு என்ற சொல்லைச் சொல்ல வேண்டிய நேரம் அதுதான்.

படி 5: வினிகர் சோதனை

க்ளேயில் செய்தது விளையாட்டு. சோப்புக்குள் உண்மையிலேயே வால் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா?

குளியல் சோப்பைக் கேரட் துருவுவதில் துருவி, ஒரு தேக்கரண்டி துருவலை ஒரு டம்ளர் வெந்நீரில் கரையுங்கள். ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். மஞ்சள் நிறம் வராது, செங்கல் நிறமாகச் சிவக்கும். சாம்பார் கொட்டிய வெள்ளைச் சட்டையில் சோப்பு போட்டதும் கறை சிவப்பாக மாறுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இது பழகிய சங்கதி. சோப்புக் கரைசல் லேசான காரம், பி.ஹெச் 9 முதல் 10 வரை இருக்கும் (பி.ஹெச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்கு மேலே காரம்). மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இப்போது வினிகரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். சிவப்பு மங்கி மஞ்சளாகும் நேரத்தில் கரைசல் திரியும். வெள்ளையாக, பிசுபிசுப்பாகத் துணுக்குகள் மேலே மிதந்து வரும். கரண்டியில் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தால் மெழுகும் எண்ணெயும் கலந்தாற்போல் இருக்கும், நுரைக்காது. அதுதான் கொழுப்பு அமிலம். வினிகரிலிருந்து வந்த ஹைட்ரஜன் சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சோடியம் போனதும் அந்த நீண்ட வாலைத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்க ஆள் இல்லை, மேலே வந்துவிட்டது.

பக்கத்திலேயே இன்னொரு டம்ளரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்து இதையே செய்யுங்கள். திரியாது. பெரும்பாலும் அவை சோப்பே கிடையாது, வேறு வகை டிடர்ஜென்ட்கள்; அவற்றின் தலை வினிகருக்கு மசியாது. இந்த இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் இருக்கிற லாபம் பத்துப் பக்க விளக்கத்திலும் கிடைக்காது.

எண்ணெய்க்குள் என்ன இருக்கிறது என்று உலகம் கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான். 1811இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரலிடம் ஒரு துணி ஆலையிலிருந்து பன்றிக்கொழுப்பில் செய்த சோப்பு ஆய்வுக்கு வந்தது. அவர் அதில் அமிலம் சேர்த்துப் பார்த்தபோது முத்துப்போல் மினுக்குகிற ஒரு பொருள் பிரிந்து வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பத்தாண்டுக்கு மேல் உழைத்து, கொழுப்பு என்பது கிளிசரினும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்தது என்று 1823இல் புத்தகமாகவே எழுதினார். 1786இல் பிறந்து 1889 வரை, 102 வயது வாழ்ந்த மனிதர். பிள்ளைகளுக்கு அந்த வயதுதான் முதலில் மனசில் நிற்கும், பரவாயில்லை.

படி 6: சோப்பு உறையைப் படிக்கலாம்

உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைச் சேர்ந்து படியுங்கள். சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், சோடியம் கோகோயேட் என்று ஏதாவது இருக்கும். முதலாவது பாமாயிலின் வால், இரண்டாவது பனைவிதைப் பருப்பு எண்ணெயின் வால், மூன்றாவது தேங்காய் எண்ணெயின் வால். ஒவ்வொன்றுக்கும் முன்னால் நிற்கிற சோடியம் நம் மஞ்சள் உருண்டை. காஸ்டிக் சோடா என்ற பெயர் அங்கே இருக்காது, ஏனென்றால் வினையில் அது செலவாகிவிட்டது. சில உறைகளில் கிளிசரின் என்று தனியாகவும் போட்டிருக்கும்.

டி.எஃப்.எம். என்று ஒரு சதவீதம் இருக்கும். சோப்பில் மொத்தம் எவ்வளவு கொழுப்புப் பொருள் என்பதன் கணக்கு அது. இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் தரக் குளியல் சோப்புக்குக் குறைந்தது 76 சதவீதம் வேண்டும். பிள்ளைகள் பாஷையில் சொன்னால், அதிக டி.எஃப்.எம். என்றால் கட்டிக்குள் அதிக ஈர்க்குச்சி.

அழுக்கு எங்கே வருகிறது?

சரி, இனி அழுக்கைப் பற்றியும் பேசலாம். சுருக்கமாகவே பேசுங்கள். குச்சியின் வால் எண்ணெயோடு சேரும், தண்ணீரோடு சேராது. தலை தண்ணீரோடு சேரும். பிசுக்கைச் சுற்றி வால்கள் உள்ளே குத்தி, தலைகள் வெளியே பார்த்தபடி சூழ்ந்துகொள்ளும். ஒரு க்ளே உருண்டையில் ஏழெட்டுக் குச்சிகளைக் குத்தினால் படம் கிடைத்துவிடும். மிசெல் என்று பெயர். பிசுக்கு அப்படியே தண்ணீரோடு போய்விடும். எதுவும் உடையவில்லை, எதுவும் புதிதாகச் சேரவில்லை.

போர் தண்ணீரில் மட்டும் கதை வேறு. இரண்டு பாட்டிலிலும் சம அளவு சோப்புத் துருவல் போட்டு, ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள். ஆர்.ஓ. பாட்டில் நுரையால் நிரம்பும். போர் தண்ணீரில் நுரை எழும்பாது, வெள்ளையாகத் திப்பித்திப்பியாக மிதக்கும். பக்கெட் ஓரத்தில் படிகிற அதே படிவு. உப்புத் தண்ணீர் என்று நாம் சொன்னாலும் நுரையைக் கெடுப்பவை அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும். ஒரு கால்சியம் இரண்டு குச்சிகளின் தலையைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சோடியம் தண்ணீரில் கரைய விடும், இது விடாது. உங்கள் வீட்டில் நல்ல தண்ணீர்தான் என்றால், மருந்துக்கடையில் எப்சம் உப்பு வாங்கி ஒரு தேக்கரண்டி கலந்தால் இதே விளைவைப் பார்க்கலாம்.

நிஜ சோப்பு: பெரியவர்கள் மட்டும்

கடையில் கட்டியாக வாங்கி உருக்கி, கலர் சேர்த்து அச்சில் ஊற்றுகிற சோப்பு வகை ஒன்று உண்டு. விடுமுறை வகுப்புகளில் சோப்பு செய்முறை என்று சொல்லித்தருவது பெரும்பாலும் அதைத்தான். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது, ஜாலியானது, செய்யட்டும். ஆனால் அதில் வினை கிடையாது, உருகி உறைவது மட்டும்தான். அதை வேதிவினை என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நிஜ வினையைக் காட்ட விரும்பினால், காஸ்டிக் சோடாவைத் தொடுவது பெரியவர் மட்டும்தான். பத்து வயதுக்குக் கீழே என்றால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்தில் செய்துவிட்டு, உறைந்த கட்டியைக் காட்டினால் போதும் என்பது என் கட்சி. பெரிய பிள்ளைகள் கண்ணாடி அணிந்து, நாலைந்து அடி தள்ளி நின்று பார்க்கலாம்.

அளவு: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 85 கிராம், தண்ணீர் 190 கிராம். எல்லாமே டிஜிட்டல் தராசில் எடை போட்டு. கரண்டிக் கணக்கு, கண் கணக்கு எதுவும் கூடாது. 500 கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் வினைபுரிய 91 கிராமை ஒட்டிக் காஸ்டிக் சோடா வேண்டும்; வேண்டுமென்றே குறைத்துப் போடுகிறோம். கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால் மிஞ்சட்டும், காஸ்டிக் மிஞ்சக் கூடாது.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை. காற்றோட்டமான இடம், மொட்டை மாடி நல்லது. எவர்சில்வர் பாத்திரம் அல்லது சூடு தாங்கும் கெட்டிப் பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து, தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு அதில் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். மாற்றிச் செய்தால், அதாவது காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால், கொதித்து முகத்தில் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் கொதிநிலையை நெருங்கும் அளவுக்குச் சூடாகும், ஆவியும் மூக்கை எரிக்கும். தோலில் பட்டால் ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள், வினிகர் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் உடனே அதேபோல் கழுவிவிட்டு நேராக மருத்துவமனை. மிஞ்சிய காஸ்டிக்கைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. தண்ணீர் என்று நினைத்து யாராவது எடுத்துக் குடித்துவிட்டால் உணவுக்குழாயே வெந்துபோகும்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு ஆறியதும், கரைசலை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிண்டுங்கள். முதலில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று பிடிவாதமாகப் பிரிந்து நிற்கும், இரண்டும் தொட்டுக்கொள்கிற விளிம்பில் மட்டும் வினை நடக்கும். அங்கே கொஞ்சம் சோப்பு உருவானதும், அந்தச் சோப்பே எண்ணெயையும் தண்ணீரையும் கலக்க ஆரம்பித்துவிடும். கலக்கக் கலக்க வினை வேகமெடுக்கும், சூடும் ஏறும். உண்டான பொருளே வினைக்கு உதவி செய்கிறது என்பதை எட்ட நிற்கிற பிள்ளைகளுக்கு உரக்கச் சொல்லுங்கள். எனக்கு இந்த வினையில் ரொம்பப் பிடித்த இடம் இது. கலவை தோசை மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியிலிருந்து விழுந்த கோடு மேலே தங்கி நின்றால் அச்சில் ஊற்றலாம்.

தேங்காய் எண்ணெய் சோப்பு சீக்கிரம் இறுகிக் கல்லாகிவிடும், அதனால் அன்றைக்கோ மறுநாளோ கையுறையோடு வில்லை போட்டுவிடுங்கள். அப்புறம் நாலு வாரம் காற்றாட வைத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். நனைத்து பி.ஹெச் தாள் வைத்தால் 9 அல்லது 10 காட்டினால் சரி. வில்லைக்குள் திரவம் தேங்கிய குழியோ, வெள்ளைப் பரல்களோ தெரிந்தால் அது கலக்காத காஸ்டிக்; தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

பெரிய ஆலைகள் பலவற்றில் இப்போது வழியே வேறு. உயர் அழுத்தத்தில் சூடான நீராவியால் முதலில் எண்ணெயைப் பிளந்து, கிளிசரினைத் தனியே எடுத்துவிட்டு, கொழுப்பு அமிலத்தோடு காரத்தைச் சேர்ப்பார்கள். போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான்.

பிள்ளைகள் கேட்பவை

காஸ்டிக் கையைப் பொசுக்கும் என்றால் சோப்பு ஏன் பொசுக்கவில்லை? படி 4க்குப் பிறகு மேசையைக் காட்டுங்கள். மஞ்சள்-சிவப்பு-வெள்ளை என்று மூன்றும் சேர்ந்த வரிசை எங்காவது மிச்சம் இருக்கிறதா? இல்லை. ஒழுங்காகச் செய்த சோப்பில் காஸ்டிக் இருப்பதில்லை.

எல்லா எண்ணெயிலும் சோப்பு செய்யலாமா? விளக்கெண்ணெய், வேப்பெண்ணெய், நெய், ஆட்டுக்கொழுப்பு எல்லாவற்றிலும் முடியும். மண்ணெண்ணெயிலும் என்ஜின் ஆயிலிலும் முடியாது. அவற்றில் வெறும் வால்தான் இருக்கிறது. தலையும் இல்லை, தாங்கியும் இல்லை. அறுப்பதற்கு இணைப்பே கிடையாது.

சோப்பை மறுபடி எண்ணெயாக்க முடியுமா? வினிகர் ஊற்றியபோது வந்தது எண்ணெய் அல்ல, தனித்தனிக் குச்சிகள். அவற்றைத் திரும்பக் கிளிசரினில் ஒட்டவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். எஸ்டராக்குதல் என்பது அது, வேறொரு நாள் பாடம்.

எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டால் வயிற்றில் சோப்பு உண்டாகுமா? சிரித்துவிட்டு நகராதீர்கள், கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. சிறுகுடலில் எண்ணெயின் அதே இணைப்புதான் அறுபடுகிறது. ஆனால் அங்கே காஸ்டிக் கிடையாது. கணையத்திலிருந்து வருகிற லைபேஸ் என்ற நொதி 37 டிகிரியிலேயே வேலையை முடித்துவிடும். எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கும் வேலையைப் பித்தநீர் பார்த்துக்கொள்ளும். லைபேஸ் மூன்று குச்சியையும் கழற்றுவதில்லை. இரண்டு ஓரத்துக் குச்சிகளை மட்டும் கழற்றி, நடுக்குச்சியைத் தாங்கியோடு விட்டுவிடும். குடல் சுவர் அந்தத் துண்டுகளை உறிஞ்சிக்கொண்டு, தன் செல்லுக்குள் வைத்து மறுபடியும் மூன்று குச்சிக் கொழுப்பாக ஒட்டிவிடும். க்ளே காய்வதற்குள் அதையும் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம்.